மீன் குடோனுக்குக் கன்வேயர் போடப் போகிறீர்களா?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம், பாம்பன் ஊர்களின் மீன் குடோன்களில் கன்வேயர், அதாவது பெட்டிகளைத் தூக்காமலே நகர்த்தும் ரோலர், பெல்ட் வரிசை, மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இப்போதெல்லாம் குடோன்காரர்கள் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வீடியோவை அனுப்பிவிடுகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் தட்டையான வண்டிகள் அலமாரியையே தூக்கிக்கொண்டு ஓடும் அமேசான் கிடங்கு. "தம்பி, இதுல ரெண்டு நமக்குப் போட முடியுமா?"

அந்த வண்டிகளைச் செய்த கீவா நிறுவனத்தை அமேசான் 2012-இல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. தரையில் வரிசையாக ஒட்டியிருக்கும் குறியீட்டு ஸ்டிக்கர்களைப் படித்துத்தான் அவை வழி பிடிக்கும். படகு வந்த காலையில் நம் குடோன் தரையில் ஐஸ் தண்ணீர், செதில், கணவாய் மை எல்லாம் கிடக்கும். ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது? உலர்ந்த கடற்பாசியோ முண்டு மிளகாயோ அடுக்கும் குடோனாக இருந்தால் உட்கார்ந்து பேசலாம். ஈர மீனுக்கு ரோலரும் பெல்ட்டும் போதும் என்பதுதான் என் கட்சி.

முதலில் கணக்கு. மாதத்துக்கு இத்தனை டன் என்று சொன்னால் எனக்குப் பயன்படாது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளும் ஒன்று, திரும்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. சரக்கு மொத்தமாக வந்து விழும், அப்புறம் குடோன் காற்று வாங்கும். ஆகவே நெரிசலான அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். 12 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஸோடு பெட்டிக்கு 30 கிலோ என்றால் 400 பெட்டி, அதாவது 18 விநாடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 12 மீட்டர் நகரும் பெல்ட், பெட்டிக்குப் பெட்டி அரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டாலும், இதைப்போல மூன்று மடங்கு தாங்கும். வேகமான மோட்டாருக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

சரக்கு தேங்குவது பெல்ட்டில் இல்லை, எடைமேடையில்தான். பெட்டியைத் தூக்கி வைக்கிறார்கள், முள் நிற்கும்வரை காத்திருக்கிறார்கள், கணக்குப்பிள்ளை ஈரக் கையோடு நோட்டில் எழுதுகிறார், மறுபடி தூக்கி இறக்குகிறார்கள். 18 விநாடிக்குள் இது முடியவே முடியாது. எடைமேடையின் மேலேயே நான்கைந்து ரோலரை மாட்டி, வரிசையின் உயரத்துக்குச் சமமாக உட்கார வையுங்கள். பெட்டி உருண்டு வந்து நிற்கும், ஸ்கேனர் பெட்டியின் எண்ணைப் படிக்கும், எடை நேராகக் கணினிக்குப் போகும், அடுத்தவர் தள்ளிவிடுவார். கணினியோடு இணைக்கும் போர்ட் உள்ள எடைக்கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ரோலரை மாட்டி முடித்த பிறகு அரசு எடையளவு முத்திரைக்குக் காட்டுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு, மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

இதற்கெல்லாம் முன்னால் பெட்டியைப் பாருங்கள். ஒரே அளவு இருக்க வேண்டும். 60-க்கு 40 செ.மீ. பிளாஸ்டிக் கிரேட் எங்கும் கிடைக்கிறது. எந்த நேரமும் பெட்டிக்குக் கீழே குறைந்தது மூன்று ரோலர் இருக்க வேண்டும் என்பது விதி. 60 செ.மீ. பெட்டி என்றால் ரோலருக்கு ரோலர் 15 செ.மீ. போதும். அடியில் பெரிய கட்டம் போட்ட கிரேட் ரோலரில் மாட்டும். வழவழப்பான அடி உள்ளதை எடுங்கள். சரிவு மீட்டருக்கு 4 செ.மீ. என்று தொடங்கி, உங்கள் பெட்டியையே உருட்டிப் பார்த்து, ரோலர் வரிசையைத் தாங்கும் காலைத் திருகிச் சரி செய்யுங்கள். காலிப் பெட்டி நகரவும் வேண்டும், நிறைந்த பெட்டி பாய்ந்து வரவும் கூடாது.

அடுத்தது உப்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்டும் தேவைப்பட்டன. உங்கள் குடோனில் இரும்பு ரோலர் என்ன பாடுபடும்? வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். கையால் சுற்றினால் கரகரவென்று நின்றுவிடும். பேரிங்குக்குள் செம்மண் நிறத்தில் பொடி. அதனால் பிளாஸ்டிக் பேரிங் போட்ட பிவிசி ரோலர் கேளுங்கள். ரோலரைத் தாங்கும் சட்டம் எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அதில் இருக்கும் மாலிப்டினம்தான் உப்பால் குழி விழாமல் காப்பது. எஸ்.எஸ். 304 என்ற இன்னொரு வகையில் அது இல்லை. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் ஐபி 66, அதாவது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ரகமாக இருக்கட்டும். மின்சார பேனல் பெட்டிக்குள் ஒயர் கீழிருந்து நுழையட்டும். மேலே ஓட்டை போட்டால் ஒயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இறங்கும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு போர் தண்ணீரால் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

லேபிள் விஷயத்தில் பலரும் பில் மெஷின் தாளை ஒட்டுகிறார்கள். நனைந்தால் உரியும், வெயிலில் கறுக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு கிரேட்டின் இரண்டு பக்கமும் க்யூஆர் தகடு ஒன்றை நிரந்தரமாக ரிவிட் அடித்துவிடுங்கள். தகட்டில் பெட்டி எண் மட்டும் போதும். எந்தப் படகு, என்ன மீன் என்பதைக் கணினி சேர்த்துக்கொள்ளும். க்யூஆரை 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது. அழிந்த பகுதியைத் தானே ஈடுகட்டும் அதன் திருத்த அளவை உச்சத்தில் வைத்து அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். செதில் ஒட்டும் ஊருக்கு அதுதான் சரி. மைனஸ் 18 டிகிரி குளிர் அறைக்குள் ஸ்கேனர் கொண்டுபோனால், வெளியே வந்ததும் கண்ணாடியில் வியர்க்கும். உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்துச் சார்ஜ் போடவே கூடாது.

பெல்ட் நெடுகிலும் இழுத்தால் நிற்கும் கயிற்று சுவிட்ச் கட்டாயம். கடைசி உருளையில் மூடி போடுங்கள், முந்தானை சிக்குவது அங்கேதான். மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லாத குடோனில் நான் ஒயரைத் தொட மாட்டேன். லோடுமேன்களுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பவர்கள், பெல்ட் வந்த பிறகு என்ன கூலி என்பதை மாட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வேலைக்கு நல்ல நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். மே மாதக் கடைசிக்குள் மாட்டி முடித்து, பெட்டிக்கு 30 கிலோ மணல் மூட்டை வைத்து இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். பெல்ட் ஜாயின்ட், சென்சார், ரோலர் பத்து எல்லாம் உபரியாக அலமாரியில் இருக்கட்டும். படகு வந்து நிற்கிற காலையில் மதுரைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.