சம்பளத்தில் வரிப் பிடித்தம்: டிக்ளரேஷன் படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்புவது எப்படி?

புதுச்சேரி சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஏப்ரலில் ஒரு மெயில் வரும்: டிக்ளரேஷன் (வாடகை, முதலீடு, கடன் பற்றிய உங்கள் அறிவிப்பு) போடுங்கள். ஜனவரி வாக்கில் இன்னொன்று: அதற்கான ப்ரூஃப் (ரசீது, சான்றிதழ்) கொடுங்கள். இரண்டையுமே பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து அப்படியே நிரப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவருடைய சம்பளமும் வாடகையும் வேறு, உங்களுடையது வேறு. அரை மணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே சரியாக நிரப்பிவிடலாம்.

நடப்பது இதுதான். உங்களுடைய ஆண்டுச் சம்பளம் எவ்வளவு வரும் என்று நிறுவனம் உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அதற்கான வரியை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கிறது. அந்தக் கணக்குக்குத் தேவையான விவரத்தைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். கீழே வரும் தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் படிவ எண்களும் பிரிவு எண்களும் வேறு.

1. பான் எண்

பான் கொடுக்காவிட்டால், வரி வரக்கூடிய சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். எண்ணை அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். நம் ஊரில் பெயர்ச் சிக்கல் ஒன்று உண்டு: ஆதாரில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். அலுவலகப் பதிவில் பானில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். பான், ஆதார் இரண்டும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2. புதிய முறையா, பழைய முறையா?

புதிய முறையில் வரி விகிதம் குறைவு, ஆனால் வாடகை, சேமிப்பு போன்ற கழிவுகள் பெரும்பாலும் கிடையாது. பழைய முறையில் அவை உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் பிடிப்பார்கள். சம்பளம் மட்டுமே வருமானம், அது ஆண்டுக்கு 12,75,000 ரூபாய்க்குள் என்றால் புதிய முறையில் வரியே கிடையாது. நிலையான கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைப்பது) 75,000 போக மீதி 12 லட்சத்துக்குள் அடங்கினால், தள்ளுபடி முழு வரியையும் நீக்கிவிடும். ஆகவே வேலைக்குப் புதிதாக வந்த பெரும்பாலோர் புதிய முறையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வாடகை ரசீதுக்கு அலைய வேண்டாம். வரியை மிச்சம் பிடிக்க என்று யாரோ சொன்னதற்காக வேண்டாத பாலிசியில் பணத்தைப் போடவும் வேண்டாம்.

சம்பளம் அதற்கு மேல் இருந்து, வீட்டுக் கடன் வட்டியும் பெரிய வாடகையும் இருந்தால் வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள கால்குலேட்டரில் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். இப்போது ஒன்றைச் சொல்லிவிட்டோமே என்று கவலை வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், ஆண்டு வருமான வரிக் கணக்கை (ரிட்டர்ன்) கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் அப்போதும் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

3. பழைய முறை என்றால் 12பிபி படிவம்

வாடகை, முதலீடு, கடன் விவரங்களை இந்தப் படிவத்தில்தான் எழுதி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். தலைப்பில் நிதியாண்டு 2025-26 என்று எழுத வேண்டும். 2026-27 என்பது அதற்கான மதிப்பீட்டு ஆண்டு (அந்த வருமானத்துக்கு ரிட்டர்ன் போடும் அடுத்த ஆண்டு). அதை இங்கே எழுதக் கூடாது.

அதிகம் பேர் தடுமாறுவது வாடகைப் பகுதியில்தான். லாஸ்பேட்டையில் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள், அடிப்படைச் சம்பளம் 40,000, ஹெச்ஆர்ஏ (நிறுவனம் தரும் வீட்டு வாடகைப் படி) 16,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 1,44,000 முழுவதும் கழியாது. மூன்று தொகைகளை எடுங்கள்: வாங்கிய ஹெச்ஆர்ஏ 1,92,000, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதுவும் 1,92,000, வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தால் 96,000. இவற்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. ஆக, 96,000.

அந்த 40 சதவீதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சென்னையில் குடியிருந்தால் 50 சதவீதம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் 40தான். சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், அலுவலகம் சென்னைதானே என்று மெட்ரோ நகரம் என்ற இடத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். கணக்கில் வருவது நீங்கள் குடியிருக்கும் வீடு இருக்கும் ஊர்.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரியோடு பான் எண்ணும் வேண்டும். குடிபோகும்போதே இதைப் பேசிவிடுங்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்பா அம்மாவுக்கு வாடகை தருவதாகவும் காட்டலாம். ஆனால் வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், பணம் உண்மையிலேயே அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். பொய் ரசீது மட்டும் கூடவே கூடாது. படிவத்தின் கடைசியில் எல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான்.

80சி என்பது பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), டியூஷன் ஃபீஸ் போன்றவற்றுக்குக் கழிவு தரும் பிரிவு. அதில் உச்சவரம்பு 1,50,000. முதலில் சம்பளச் சீட்டில் ஏற்கெனவே பிடிக்கும் பிஎஃப்-ஐக் கணக்கில் எடுங்கள். 40,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 57,600 ஆகிவிடும். மிச்ச இடம் 92,400தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும் சேரும். வேன் கட்டணம், நன்கொடை சேராது. ரசீதில் பிரித்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். 80சி-யில் சேராமல் தனியாகக் கழியும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் கழிவு கிடைக்காது. வீட்டுக் கடன் இருந்தால் வங்கியின் வட்டிச் சான்றிதழையும் வங்கியின் பான் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

ஏப்ரலில் ஆசைக்கு ஒரு தொகையை எழுதிவிட்டு ஜனவரியில் ப்ரூஃப் கொடுக்காவிட்டால், அதுவரை பிடிக்காத வரி முழுவதையும் மார்ச்சுக்குள் பிடித்துவிடுவார்கள். வீட்டுச் செலவு தலைகீழாகிவிடும். காட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

4. நடுவில் வேலை மாறினால்

பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் 12பி படிவத்தில் புதிய நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? முதல் ஆறு மாதம் ஓர் இடத்தில் 6 லட்சம், அடுத்த ஆறு மாதம் இன்னோர் இடத்தில் 8 லட்சம். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பார்த்தால் புதிய முறையில் வரி இல்லை, ஒரு ரூபாய் பிடிக்க மாட்டார்கள். ஆனால் மொத்தம் 14 லட்சம். நிலையான கழிவு போக 13,25,000. அதற்கு வரி 78,750, செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) 4 சதவீதம் சேர்த்து 81,900 ரூபாய். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக, வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

5. கொடுத்த பிறகு

பிப்ரவரிச் சம்பளச் சீட்டில் டிடிஎஸ் (பிடித்த வரி) எவ்வளவு என்று பாருங்கள். ப்ரூஃப் ஏற்கப்படவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மார்ச் சம்பளம் போடுவதற்குள் அக்கவுன்ட்ஸில் கேட்டுவிடலாம். ஜூன் 15-க்குள் நிறுவனம் உங்களுக்கு ஃபார்ம் 16 (பிடித்த வரிக்கான சான்றிதழ்) கொடுக்க வேண்டும். அதில் உள்ள தொகையும் இணையதளத்தில் உங்கள் 26ஏஎஸ் (உங்கள் பானில் கட்டப்பட்ட வரியின் பட்டியல்) காட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் நிறுவனத்துக்கு மெயிலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம்.