கப்பலுக்குக் காசா, கரைக்குக் காசா? உல்லாசக் கப்பல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு புதுத் தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஆசிரியர்கள். பெண்ணின் மாமா கனடாவில் இருந்து கலியாணப் பரிசாகக் கப்பல் பயணத்துக்குக் காசு அனுப்புகிறாராம். மாப்பிள்ளை கைபேசியில் ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "அண்ணே, ஏழு நாள்ல ஆறு ஊர். இதவிட லாபமா வேற கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இதே கேள்வியை, ஏறக்குறைய இதே குரலில், சில வருஷங்களுக்கு முன் நான் என் அண்ணனிடம் கேட்டிருந்தேன்.

மட்டக்களப்பில் டிக்கட் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். 2023 ஜூனில் சென்னையில் இருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்துபோன பிறகு கப்பலைப் பற்றி விசாரிக்கும் ஆக்கள் கூடிவிட்டார்கள். அதைவிட, சுவிஸிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் தாய் தகப்பனைச் சந்திக்கக் கப்பல் தோதான இடம். யாருடைய வீட்டிலும் தங்கவேண்டியதில்லை, யாரும் சமைக்க வேண்டியதில்லை, ஏழாம் நாள் சண்டை தொடங்குவதற்குள் எல்லோரும் இறங்கிவிடலாம்.

பாஸ்போட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும், வாந்திக் குளிசை எடுத்துப்போக வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர்களும் விழுகிற குழிகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊர்ப் பெயர்களை எண்ணுவது

எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சின்ன வயதில் இருந்து புளியந்தீவு மரியாள் கோயில் பூசைக்குத் தவறாதவர். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயண ஆசை, ரோமில் புனித இராயப்பர் பேராலயத்துக்குள் முழங்காலில் நின்று அப்பாவுக்காக ஒரு செபம் சொல்வது. சுவிஸில் இருக்கும் அண்ணன், "நீ திட்டம் போடு, காசு நான் கட்டுறன்" என்றார். ஒக்டோபர் பள்ளி விடுமுறை. எட்டுப் பேர்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். பார்சலோனாவில் ஏறி, பால்மா, மார்செய், "புளோரன்ஸ்", "ரோம்", நேப்பிள்ஸ், ஒரு நாள் கடலில், திரும்பவும் பார்சலோனா. ஏழு இரவு, ஆறு ஊர். அண்ணனின் பிள்ளைகளுக்காக நீர்ச் சறுக்கு, பனிச் சறுக்குத் தளம், பாறை ஏறும் சுவர் எல்லாம் இருக்கும் பெரிய கப்பலையே எடுத்தேன். அதே பக்கம் ஓடும் பழைய, சிறிய கப்பலைவிட ஆளுக்கு முந்நூறு யூரோ கூட. எட்டுப் பேருக்கு இரண்டாயிரத்து நானூறு. "பிள்ளையளுக்கும் வேணும்தானே" என்று அண்ணனுக்குச் சொன்னதும் நான்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். கப்பல் போய் நின்றது ரோமில் இல்லை, சிவித்தாவெக்கியாவில். ரோமில் இருந்து எண்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும் துறைமுகப் பட்டினம் அது. காலை ஏழு மணிக்குக் கப்பலைத் துறையில் கட்டினார்கள். சாப்பிட்டு, வரிசையில் நின்று, இறங்கும்போது எட்டேகால். துறைமுக வாசலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நிலையத்துக்கு இன்னொரு பஸ், பிறகு ரயில். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கி, அம்மாவின் நடைக்கு நாமும் நடந்து, சதுக்கத்தை எட்டும்போது பத்தே முக்கால்.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன் காலையில் பாப்பரசர் மக்களைச் சந்திக்கும் நாள். அது முடிந்து சனம் கலையும் வரை பேராலயத்தை மூடி வைத்திருப்பார்கள். கிழமையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சதுக்கம் முழுக்கக் கம்பித் தடுப்பு, கதிரை, கொடி. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் பாப்பரசர். அம்மாவுக்கு அதிலும் சந்தோஷம்தான். ஆனால் கதவு திறந்து, பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை பாம்பாக வளைந்து, நாங்கள் அதில் பாதி தூரம் வந்தபோது மணி இரண்டு. அண்ணிக்குக் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்ற பயம். எனக்கும்தான். வரிசையை விட்டு வெளியே வந்தோம். வீதியோரக் கடையில் அம்மாவுக்கு ஒரு செபமாலை வாங்கிக் கொடுத்தோம்.

கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி பத்து நிமிஷம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் ஐந்தரை. இதை எழுதும்போதும் எரிகிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "மறுகா என்ன மனே, கோபுரத்தக் கண்டாச்சே" என்றார். அண்ணனின் பிள்ளைகளுக்குத்தான் அடக்க முடியாத அழுகை. அவர்களுக்காகக் காசு கட்டிய சறுக்கில், ஊர் பார்க்கும் அவசரத்தில், ஐந்து நாளாக ஒருதரம்கூட இறங்கவில்லை. ஒரேயொரு கடல் நாளில் போனால் கப்பலில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் அங்கே வரிசையில் நிற்கின்றன. நாற்பது நிமிஷம் நின்று, ஒரு நிமிஷம்கூட ஆகாமல் கீழே வந்துவிட்டார்கள். துறைமுக நாட்களில் அந்தத் தளம் வெறிச்சோடிக் கிடந்ததைப் பிறகுதான் ஒரு பணியாளர் சொன்னார்.

ஆக, கப்பலுக்கும் முழுக் காசு கட்டினோம், கரைக்கும் முழுக் காசு கட்டினோம். இரண்டும் பாதியாகக்கூடக் கையில் வரவில்லை.

இன்னும் கடுப்பு என்னவென்றால், அதே கப்பலின் அதே சுற்றில் சிவித்தாவெக்கியாவிலேயே ஏறலாம். மத்தியதரைக் கடலில் சுற்றும் கப்பல்கள் பலவற்றில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட துறைமுகங்களில் ஏறவிடுவார்கள். இரண்டு நாள் முந்திப் போய் ரோமில் தங்கி, அம்மாவை ஆறுதலாகப் பேராலயத்துக்குக் கூட்டிப்போய், பிறகு ஏறியிருக்கலாம். பார்சலோனாவுக்கு விமான டிக்கட் கொஞ்சம் மலிவு என்று நான்தான் அதைத் தட்டிவிட்டேன்.

இப்போது யார் வந்தாலும் முதலில் ஒரு தாளை எடுத்து வைப்பேன். கப்பல் வரும் நேரம், போகும் நேரம் இரண்டையும் எழுதுங்கள். இறங்க ஒரு மணித்தியாலம் கழியுங்கள். புறப்பட ஒரு மணித்தியாலம் முந்தித் திரும்ப வேண்டும், அதையும் கழியுங்கள். ஊருக்குப் போகும் நேரத்தை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். சிவித்தாவெக்கியா, ஏழில் இருந்து ஆறு என்றால் பதினொரு மணித்தியாலம் போலத் தெரியும். மிஞ்சுவது ஐந்து, ஐந்தரை. எழுபது வயது ஆள் கூட வந்தால் நாலு. அந்த நாலுக்குள் என்ன கிழமை, எது பூட்டு என்று பாருங்கள். ஞாயிறு போய் இறங்கினால் வத்திக்கான் அருங்காட்சியகம் பூட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள்.

பெயர் ஒன்று, துறை வேறொன்று என்பது ரோமுக்கு மட்டும் உள்ள வியாதி கிடையாது. "பாங்கொக்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் லேம் சபாங். திருகோணமலையில் இறக்கிவிட்டு இதுதான் மட்டக்களப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும்? தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "பாரிஸ்" என்றால் லு ஹாவ்ர், இருநூறு கிலோமீற்றர். "வெனிஸ்" என்றால் இன்னும் கவனம். 2021 ஓகஸ்டில் இருந்து பெரிய கப்பல்களை நகரத்துக்கு முன்னால் இருக்கும் கால்வாய்க்குள் விடுவதில்லை. சிலது எதிர்க்கரையில் இருக்கும் மார்கேராவில் கட்டும், சிலது ரவென்னா என்ற வேறு ஊருக்கே போய்விடும். அதே நேரம் பினாங்கில் இறங்குதுறை ஜோர்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் கடைத்தெரு. அங்கே எட்டு மணித்தியாலம் என்றால் உண்மையிலேயே எட்டு.

களுவாஞ்சிகுடித் தம்பியின் ஆறு ஊரையும் அன்றைக்குத் தாளில் போட்டுப் பார்த்தோம். மூன்று ஊருக்குக் கையில் மிஞ்சியது மும்மூன்று மணித்தியாலம். மணப்பெண் முகத்தைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடல் நாட்களை எண்ணாமல் கப்பலைத் தெரிவு செய்வது

கப்பல் வசதியை அனுபவிப்பது கடல் நாளில்தான். துறைமுகத்தில் நிற்கும்போது வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஆகவே ஏழு நாளில் ஒரு கடல் நாள் என்றால் மலிவான, சிறிய கப்பல் போதும், பல்கனி இல்லாத கபின் போதும். இரவு படுக்க மட்டும்தானே வரப்போகிறீர்கள். சிங்கப்பூரில் ஏறி மூன்று, நாலு இரவு சும்மா சுற்றி வருகிற பயணம் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே கப்பலே ஊர், அதற்குக் காசு கொடுங்கள். நோர்வேயின் மலை இடுக்குக் கடல் வழியில் போகிறீர்களா? பல்கனியில் இருந்துகொண்டே பார்க்கும் காட்சிக்குத்தான் அங்கே போவது, ஆகவே பல்கனி எடுங்கள்.

பெரிய கப்பல் எல்லா ஊருக்கும் கிட்டப் போகவும் முடியாது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகன் ஒவ் த சீஸ் 365 மீற்றர் நீளம், கபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே 5,610 பயணிகள். அந்த உடம்புக்கு ஏற்ற இறங்குதுறை எத்தனை ஊரில் இருக்கும்? கப்பல் பெருக்கப் பெருக்க, போகக்கூடிய ஊர் குறையும்.

அண்ணனின் பாஸ்போட்டை வைத்து நம் விசாவைக் கணக்குப் போடுவது

வெளிநாட்டில் இருந்து பதிவு செய்யும் உறவினர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. சுவிஸ் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு ஏதென்ஸில் ஏறி, துருக்கியில் குசாடசியில் இறங்கி, திரும்பக் கிரேக்கத்துக்கு வருவது சாதாரண விஷயம். நம் பாஸ்போட்டில் ஒருமுறை நுழையும் செங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) மட்டும் இருந்தால், அந்த நாடுகளில் சேராத துருக்கியில் கால் வைத்ததோடு அது முடிந்தது. பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு எடுக்க வேண்டும். விண்ணப்பத்தோடு கப்பலின் முழு வழித்தடத்தையும் வையுங்கள். கப்பல் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று இருக்கக்கூடாது. விசா சரியில்லை என்றால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய காசும் திரும்பாது.

கப்பல் புறப்படும் அன்றே விமானத்தில் போய் இறங்குவது

வேண்டாம். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவே ஒரு இரவு போய்விடுகிறது.

ஒரே ஒரு துறைமுகத்தை நம்பி முழுப் பயணத்தையும் எடுப்பது

காற்றுக் கூடினால் கப்டன் அந்த ஊரை விட்டுவிட்டுப் போகலாம். பயண ஒப்பந்தத்திலேயே அது எழுதியிருக்கும். பெரும்பாலும் துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள். வாடை எழும்பினால் கல்லடியில் தோணி இறக்குவதில்லை என்பது நமக்குத் தெரியும், ஆனால் இருபது மாடிக் கப்பலைப் பார்த்ததும் அதை மறந்துவிடுகிறோம். அதிலும் கப்பலைத் தூரத்தில் நங்கூரமிட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரை சேர்க்கும் ஊர்கள்தான் முதலில் கைவிடப்படும். சன்டோரினி அப்படிப்பட்ட ஊர். அங்கே படகில் இறங்கினாலும் மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார் வரிசை, இல்லாவிட்டால் அறுநூறு படி அளவில் ஏற்றம். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப்போகும் ஆட்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்.

கையில் இருக்கும் மணிக்கூடு

மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணித்தியாலம் பின்னால். சிங்கப்பூரில் ஏறி புக்கெட்டில் இறங்கும்போது கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் சிலவேளை சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். நான் அனுப்பிய ஒரு குடும்பம் படகுக்கு ஓடி, கடைசிப் படகில் ஏறியது. வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டினார்கள், நியாயம்தான். கப்பல் நேரத்துக்கு வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிப்போங்கள்.

குடிவகைப் பொதி

முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டுக் கப்பலில் குடிக்கும் திட்டம் இது. ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீர்கள் என்று மனைவியைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

கடலில் கைபேசி

ஏறியதும் விமான மோட். மறந்தால் கப்பலின் செய்மதி வலையில் மாட்டி, பில் வீட்டுக்கு வரும்.

கடைசி இரவு பெட்டி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இறங்குவதற்கு முதல் நாள் இரவு பெரிய பெட்டிகளைக் கபின் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ஊழியர்கள் எடுத்துப்போய், அடுத்த நாள் கரையில் தருவார்கள். விடிந்ததும் உடுக்கும் உடுப்பு, குளிசை, பாஸ்போட் மூன்றையும் கைப்பையில் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். என் மைத்துனர் எல்லாவற்றையும் நேர்த்தியாக மடித்து, பெட்டியைப் பூட்டி, வெளியே வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தார். அடுத்த நாள் பார்சலோனாவில் சாரத்தோடும் அண்ணனின் குளிர்ச் சட்டையோடும் இறங்கினார்.