முடக்குவாத மருந்துச் செலவைக் குறைக்க

முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்ள நேர்வதால், மாத்திரை அட்டையில் உள்ள வணிகப் பெயரை விடுத்து, மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடும் மருத்துவரின் சீட்டோடும் அரசுத் திட்டங்களின் கீழ் மலிவு விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை கேளுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய மாத்திரைகளுக்குப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே கருதுகிறேன். மெத்தோட்ரெக்சேட் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்வது. அட்டை மாறும்போது 2.5 மில்லிகிராமுக்குப் பதில் 10 மில்லிகிராம் வந்துவிட்டால் ஆபத்து என்பதால், கடையை விட்டு இறங்குமுன் அட்டையில் உள்ள மில்லிகிராம் அளவைப் பாருங்கள்.

கையைக் கடிப்பவை ஊசி மருந்துகள்தாம். முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் ஊசியின் மூல வணிகப் பெயரான ஹூமிராவுக்கு இணையான பயோசிமிலர் (மூல உயிரி மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனம் தயாரிப்பது), எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் 2014-லேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே விலை குறைந்த பயோசிமிலர் தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், கடைக்காரர் சொல்கேட்டு மாற்றாதீர்கள். மதுரையிலிருந்து வாங்கி வருவதானால், நம் ஊர் வெயிலுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி கலையாதபடி பெட்டியில் வைத்து, ஐஸ்கட்டி ஊசியை நேரடியாகத் தொடாமல் கொண்டுவர வேண்டும்.

இதற்கும் வழியில்லாதவர்கள், பழைய சீட்டுகளோடும் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று, அங்கே கிடைக்கும் மருந்துகளையும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தமது சிகிச்சை அடங்குமா என்பதையும் விசாரிக்கலாம். அதுவரை, பணம் போதவில்லையென்று மருந்தைத் தாமாகப் பாதியாகக் குறைக்கக் கூடாது.