டிவிடி டிரைவைக் கழற்றி எஸ்எஸ்டி போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய லேப்டாப்பை ஆன் செய்ததும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, பெரும்பாலும் அது டிவிடி டிரைவ்தான். உள்ளே டிஸ்க்கை மறந்து விட்டிருந்தால் நினைத்த நேரத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, கேடி என்கிற சட்டத்தில் இன்னொரு டிஸ்க்கை வைத்து அங்கே செருகுவது நல்ல யோசனை. செலவும் குறைவு. ஆனால் எல்லாம் முடிந்த பிறகும் லேப்டாப் இரைந்துகொண்டே இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். எந்த டிஸ்க்கை எங்கே வைத்தார்கள் என்று கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

எஸ்எஸ்டியை, அதாவது சுற்றும் பாகமே இல்லாத டிஸ்க்கை, டிவிடி இடத்தில் செருகிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் அந்த டிஸ்க் அங்கேயே இருக்கும்போது சத்தம் எப்படிப் போகும்? எஸ்எஸ்டி போக வேண்டியது ஹார்ட் டிஸ்க்கின் இடத்துக்கு. சரி, ஹார்ட் டிஸ்க்கைக் கேடியில் போட்டுவிடலாமா? போடலாம், ஆனால் சத்தம் கூடலாம். பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கும். மலிவான கேடியில் அது இருக்காது, அதிர்வு நேராக லேப்டாப்பின் உடலுக்கு ஏறும்.

அதனால் என் கருத்து இதுதான்: உங்கள் கோப்புகள் எஸ்எஸ்டியில் அடங்கும் என்றால் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து யூஎஸ்பி பெட்டியில் போட்டு, பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேடி காலியாகவே இருக்கட்டும். உள்ளேதான் வேண்டும் என்றால், விண்டோஸின் பவர் அமைப்பில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஹார்ட் டிஸ்க் நிற்கும்படி வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் என்று வைத்தால் அடிக்கடி நின்று நின்று கிளம்பும், அது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

வேகத்தைப் பார்த்தாலும் எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் இருப்பதே நல்லது. திங்க்பேட் டி420 லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தின் சாட்டா (டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் இணைப்பு) வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட், டிவிடி இடத்தில் 3 ஜிகாபிட். அதாவது நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டி அங்கே 300-க்குள் அடங்கிவிடும். அன்றாட வேலையில் இது பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சில மாடல்கள் டிவிடி இடத்தில் உள்ள டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவே, அதாவது விண்டோஸைக் கிளப்பவே, மறுக்கும். அது பெரிய தலைவலி.

கேடி வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. இரண்டும் பரவலாகக் கிடைக்கும். 'எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும்' என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். டிரைவைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். ரொம்பப் பழைய லேப்டாப் என்றால் டிரைவின் பின்பக்க இணைப்பு சாட்டாவா, அதற்கு முந்தைய வகையான ஐடிஇ-யா என்றும் பாருங்கள்.

பொருத்தும்போது இரண்டு சின்னப் பாகங்களைப் பழைய டிரைவோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஒன்று முன்பக்க பிளாஸ்டிக் மூடி. லேப்டாப் ஆனில் இருக்கும்போதே தட்டை வெளியே வரவைத்துவிட்டால் அதன் கொக்கிகள் கைக்கு எட்டும். மறந்துவிட்டீர்களா? நேராக்கிய பேப்பர் கிளிப்பை டிரைவின் முன்பக்கம் இருக்கும் ஊசித்துளையில் விட்டு அழுத்துங்கள், தட்டு வெளியே வரும். இன்னொன்று பின்னால் இருக்கும் சிறு உலோகத் துண்டு. அடியிலிருந்து வரும் திருகு அதில்தான் பிடிக்கும். அது கேடிக்கு மாறாவிட்டால் லேப்டாப்பைத் தூக்கும்போது கேடி லேசாக நழுவி, டிஸ்க்கின் இணைப்பு விட்டுப்போகலாம். கைவைக்கும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும், அதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் விண்டோஸ். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றினால், பூட் பகுதி சத்தமில்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பிறகு என்றைக்காவது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் லேப்டாப் எழும்பாது. ஆகவே ஏற்றும்போது எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில்) சாட்டா முறை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ-யில் இருக்கிறதா என்பதையும் ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். பின்னால் மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் நீலத்திரை வரலாம்.

இவ்வளவும் செய்து இன்னும் இரைச்சல் வந்தால், அது பெரும்பாலும் ஃபேன். அதற்குக் கேடியும் எஸ்எஸ்டியும் மருந்தல்ல. எப்படியும் லேப்டாப்பைத் திறந்திருக்கிறீர்கள்; ஃபேன் கண்ணில் படும் மாடல் என்றால் மூடும் முன் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள்.