ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலக் கேட்டல், வாசித்தல் தேர்வு: நாமே தயாரிப்பது எப்படி?

கீழே உள்ள வாக்கியத்தைப் படியுங்கள்.

"பிளிமன் நேற்று மாலை சடுக்கியில் மூன்று துவட்டிகளைத் தொம்பினான்."

இப்போது கேள்விகள். பிளிமன் எங்கே தொம்பினான்? சடுக்கியில். எத்தனை துவட்டிகளை? மூன்று. எப்போது? நேற்று மாலை. சபாஷ், மூன்றுக்கு மூன்று. ஆனால் சடுக்கி என்பது ஊரா, பாத்திரமா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் சும்மா எழுதினேன்.

நாம் வைக்கிற ஆங்கில வாசிப்புத் தேர்வுகளில் பாதி இந்தப் பிளிமன் கதைதான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்த்து எழுதினால் மதிப்பெண். பிள்ளைகள் இந்த வித்தையை ஆறாம் வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். கேட்டல் தேர்வோ, பல பள்ளிகளில் நடப்பதே இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே, கேட்டலுக்கு யார் மதிப்பெண் போடப்போகிறார்கள் என்ற எண்ணம். பாடப்புத்தகத்தில் கேட்டல் பயிற்சியும், அதற்கு ஆசிரியர் படித்துக்காட்ட வேண்டிய பத்தியும் இருக்கத்தான் செய்கின்றன. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவதே பழக்கமாகிவிட்டது.

புதிதாக ஆங்கிலம் எடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே பீரியடில், 36 பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு செல்போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. நான் ஒன்பதாம் வகுப்புக்குச் செய்கிற முறை இது.

முதல் படி: பத்தியைத் தேர்ந்தெடுப்பது

பாடப்புத்தகப் பத்தி வேண்டாம். அது கைடில் இருக்கும், மனப்பாடம் ஆகியிருக்கும். நாமே எழுதுவது நல்லது. வாசிப்புக்கு 180 முதல் 200 சொற்கள், கேட்டலுக்கு 80 முதல் 100 சொற்கள் போதும்.

புதுச் சொல் எத்தனை இருக்கலாம்? சொல்வளம் பற்றி ஆராய்ந்த பால் நேஷனும் மார்செல்லா ஹூவும் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதை பெரும்பாலோருக்குப் புரிய வேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது 200 சொல் பத்தியில் தெரியாத சொல் நான்கு. நாம் எடுக்கிற பத்திகளில் வரிக்கு இரண்டு இருக்கும். பத்தியை எழுதி முடித்ததும் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளையை மனதில் வைத்து, அவனுக்குத் தெரியாத சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நான்கைந்துக்கு மேல் போனால் சொல்லை மாற்றுங்கள். சில சமயம் பிள்ளைக்குப் பதிலாக நமக்கே சந்தேகம் வரும், பரவாயில்லை.

இரண்டாம் படி: கேள்வி எழுதுவது

உண்மையான வேலை இதுதான். பத்தி எழுத அரை மணி நேரம் ஆனால் கேள்விக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டலுக்கு நான் எழுதிய ஒன்றைக் காட்டுகிறேன். தஞ்சாவூர்ப் பேருந்து நிலைய ஒலிபெருக்கி அறிவிப்பு மாதிரி எழுதியது. ஆங்கிலத்தில் உள்ளதன் பொருள் இது: வேளாங்கண்ணி பேருந்து இன்று 4ஆம் எண் இடத்துக்குப் பதிலாக 6ஆம் எண் இடத்திலிருந்து கிளம்பும். 2.50க்குப் போக வேண்டிய வண்டி தாமதமாகி 3.15க்குப் புறப்படும்.

முதல் கேள்வி: வேளாங்கண்ணி போகிறவர் எங்கே நிற்க வேண்டும்? கொடுத்த விடைகள் 3, 4, 6.

இந்த மூன்றையும் ஏதோ மூன்று எண் என்று போட்டுவிடவில்லை. 4 என்று எழுதும் பிள்ளைக்கு எண் காதில் விழுந்திருக்கிறது, 'இன்ஸ்டெட் ஆஃப்' (பதிலாக) புரியவில்லை. 3 என்று எழுதும் பிள்ளை எண்களை மட்டும் வேட்டையாடியிருக்கிறது. 3.15இன் மூன்று அதன் வலையில் சிக்கியிருக்கிறது. தவறான விடையும் நமக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். சேதி சொல்லாத தவறான விடையை எழுதிப் பயனில்லை. இன்னொரு விடை போட்டால் நன்றாக இருக்குமே என்று நான்காவதைத் திணிக்க வேண்டாம். எண்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2005இல் வந்த ஒரு தொகுப்பாய்வே மூன்று விடை போதும் என்று முடித்திருக்கிறது. நான்காவது விடை பெரும்பாலும் யாரும் தொடாத அநாதையாகவே கிடக்கும்.

இரண்டாம் கேள்வி: ஒருவர் சரியாக மூன்று மணிக்கு நிலையத்துக்கு வருகிறார். அவருக்கு வண்டி கிடைக்குமா? 'மூன்று மணி' என்ற சொல் அறிவிப்பில் எங்கும் இல்லை. காதால் பிடித்ததைக் கொஞ்சம் யோசித்தால்தான் விடை வரும். பிளிமன் வித்தை இங்கே செல்லாது.

வாசிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்தியின் நடுவில் வரும் ஐந்து வாக்கியங்களின் பொருள்: மீனா குடையை மடித்து வாசலோரம் சாய்த்து வைத்தாள். அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக உட்கார இடம் கிடைக்காத நூலகத்தில் அன்று மூன்று பேர்தான். நூலகர் அவளைப் பார்த்து, "நீகூடவா வந்தாய்!" என்றார். மீனா சிரித்தாள்.

கேள்வி: நூலகத்தில் ஏன் கூட்டமில்லை? விடைகள்: அன்று விடுமுறை, வெளியே மழை, நூலகம் புதிதாகத் திறந்தது. பத்தியில் 'மழை' என்ற சொல்லே கிடையாது. குடையையும் சொட்டும் நீரையும் காலியான நாற்காலிகளையும் சேர்த்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் விடை தெரியும்.

எல்லாக் கேள்வியும் இப்படி இருந்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். வாசிப்புக்கு எட்டு கேள்வி என்றால் மூன்று நேரடியானவை, மூன்று யோசித்துச் சொல்ல வேண்டியவை. ஒன்று, 'அவள்', 'அது' என்பது யாரை, எதைக் குறிக்கிறது என்பது. ஒன்று, புதுச் சொல்லின் பொருளைச் சூழலை வைத்து ஊகிப்பது. தலைப்பு கொடு என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன், திருத்தும்போது சண்டைதான் மிஞ்சுகிறது. சரி, தவறு என்று மட்டும் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே பாதி வந்துவிடும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் இருப்பதுபோல 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்று மூன்றாவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பத்தியை மறைத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் பக்கத்து அறை ஆசிரியரிடம் கொடுங்கள். கணக்கு ஆசிரியர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் பத்தியைப் பார்க்காமலே எட்டில் ஆறு சரியாகப் போட்டால், உங்கள் தேர்வு வாசிப்பைச் சோதிக்கவில்லை. 'தேனீக்கள் எதைச் சேகரிக்கின்றன?' வகைக் கேள்விகள் இந்தச் சல்லடையில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: ஒலிப்பதிவு

நாமே படித்துக்காட்டினால் போதாதா என்றால், போதும். ஆனால் இரண்டு பிரிவு இருந்தால் காலையில் படிப்பது ஒரு மாதிரி, மதியம் தொண்டை கட்டிய பிறகு படிப்பது ஒரு மாதிரி. பதிவு செய்துவிட்டால் எல்லோருக்கும் ஒன்றுதான். ராத்திரி, மின்விசிறியை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு நடுவே வெறும் இடைவெளி சேர்க்கலாம். அது இல்லையென்றாலும் குடி முழுகாது.

வேகம்தான் சிக்கல். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நாம் சொல் சொல்லாக உடைத்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் படிக்கிறோம். அப்படி உலகத்தில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. 'டிட் யூ' என்பது வாயில் 'டிஜு' என்று ஒட்டிக்கொண்டுதான் வரும், ஒட்டியபடியே காதில் விழட்டும். மெதுவாக்க வேண்டுமென்றால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையே நிறுத்துங்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வேண்டாம். நான் நிமிடத்துக்கு 110 அல்லது 120 சொல் என்ற கணக்கில் படிக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. பை, முதுகு, பொட்டலம் கட்டுவது ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் 'பேக்' என்றுதான் வரும். நம் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் பல பிள்ளைகளுக்குக் காதிலும் அது நழுவும். அதைத் தனியாகப் பழக்கலாம். புரிதல் தேர்வில் ஓர் ஒலியை மட்டும் நம்பி விடை தொங்கும்படி வைக்காதீர்கள். தேர்ட்டீன், தேர்ட்டி விஷயமும் அப்படித்தான். பதின்மூன்றா முப்பதா என்பது பக்கத்து வாக்கியத்திலிருந்தும் தெரியும்படி எழுதுங்கள்.

நான்காம் படி: வகுப்பில் நடத்துவது

என் முதல் கேட்டல் தேர்வின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் போனை வைத்து, ஒலியை முழுக்க ஏற்றி ஓடவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே சத்துணவுக் கூடம், முட்டை வேகவைக்கிற நேரம், பாத்திரச் சத்தம். விடைத்தாளைத் திருத்தி, மதிப்பெண்களை உட்காரும் வரிசைப்படி எழுதிப் பார்த்தால், முதல் பெஞ்சு பத்துக்கு எட்டு, கடைசி பெஞ்சு மூன்று. படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை வித்தியாசமே இல்லை. நான் வைத்தது ஆங்கிலத் தேர்வல்ல, பெஞ்சுத் தேர்வு.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் கல்லூரி நுழைவுக்கான சுனுங் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. சுமார் 35 நிமிடம் வானத்திலேயே வட்டமடிக்கும். அங்கே ஆங்கிலத்தில் 45 கேள்விகளில் 17 கேட்டல். ஜப்பானில் 2006இல் நுழைவுத்தேர்வில் கேட்டலைச் சேர்த்தபோது ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ஒரு சிறு கருவியும் காதொலிப்பானும் கொடுத்தார்கள். நம்மால் சத்துணவுக் கூடத்தையே நிறுத்த முடியாது. ஆனால் முதல் பீரியடில் வைக்கலாம், ஸ்பீக்கரை அறையின் நடுவில் வைக்கலாம், ஒரு நிமிடம் வேறு ஏதாவது ஓடவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் நின்று நாமே கேட்டுப் பார்க்கலாம். ஹைடெக் லேப் என்ற கணினி அறை வேலை செய்கிற பள்ளி என்றால் அங்கே கூட்டிப்போய்விடுங்கள்.

வரிசை இப்படி: கேள்வித்தாளைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கவிடுங்கள். எதைக் கேட்கப்போகிறோம் என்று தெரியாமல் கேட்டால் அது ஞாபகசக்திச் சோதனை ஆகிவிடும். பிறகு ஒருமுறை ஓடவிட்டு, அரை நிமிடம் விட்டு, இன்னொரு முறை. ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுகளில் ஒரே முறைதான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு இப்போது இரண்டு முறை தேவை. "டீச்சர், இன்னொரு தடவை" என்று குரல் வரும். இரண்டோடு நிறுத்துங்கள். கேட்டலுக்கு 12 நிமிடம், வாசிப்புக்கு 20 நிமிடம், தாள் கொடுத்து வாங்க மீதி.

ஐந்தாம் படி: திருத்துவது

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒரு சொல்லில் விடை எழுதும் கேள்வியில் பிள்ளை தமிழிலேயே எழுதியிருந்தாலும், பொருள் சரி என்றால் முழு மதிப்பெண் கொடுங்கள். இதைச் சொன்னால் மூத்த ஆசிரியர்கள் சிலர் முறைப்பார்கள். நாம் பார்ப்பது புரிந்ததா என்பதை. எழுதத் தெரியுமா என்று பார்க்கத்தான் வேறு தேர்வுகள் ஏராளமாக இருக்கின்றனவே.

ஆறாம் படி: கேள்விகளையும் திருத்துவது

எல்லோரும் விட்டுவிடுகிற படி. 36 தாள்களையும் மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலிருந்து 12 தாள் ஒரு கட்டு, கீழிருந்து 12 தாள் ஒரு கட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கட்டில் எத்தனை பேர் சரி என்று கோடு போட்டு எண்ணுங்கள். மேல் கட்டில் 10, கீழ்க் கட்டில் 4 என்று வந்தால் நல்ல கேள்வி. இரண்டிலும் 12 என்றால் ரொம்பச் சுலபம், முதல் கேள்வியாக வைத்துப் பயத்தைப் போக்கலாம். கீழ்க் கட்டு அதிகம், மேல் கட்டு குறைவு என்றால் கோளாறு கேள்வியில்.

நூலகப் பத்தியில் எனக்கு அப்படி ஒன்று வந்தது. "நீகூடவா வந்தாய்!" என்று சொன்னபோது நூலகருக்கு என்ன உணர்வு? மகிழ்ச்சி, வியப்பு, கோபம். வியப்பு என்பது என் விடை. மேல் கட்டில் 5 பேர்தான் சரி, கீழ்க் கட்டில் 7. தாளைத் திருப்பிக் கொடுத்ததும் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் எழுந்து வந்தாள். "டீச்சர், யாருமே வராத நாள்ல ஒருத்தி வந்தா அவருக்குச் சந்தோஷமாத்தானே இருக்கும்? அதனாலதானே மீனாவும் சிரிக்கிறா?"

என்னிடம் பதில் இல்லை. மகிழ்ச்சி என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் போட்டேன். பிறகு பேருந்து அறிவிப்பின் எழுத்து வடிவத்தை எல்லோர் கையிலும் கொடுத்து, ஒலிப்பதிவை மூன்றாவது முறை ஓடவிட்டேன். 'இன்ஸ்டெட் ஆஃப்' வந்த இடத்தில், 4 என்று எழுதியிருந்த பெஞ்சிலிருந்து "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் கேட்டது.