சர்வரிலிருந்து போகும் மெயிலை ரிலே வழியாக அனுப்புவது எப்படி

ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), அதில் பில்லிங் மென்பொருள், வாடிக்கையாளருக்கு ரசீது மெயிலில் போக வேண்டும், மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ்தான் இருக்கிறதே என்று நானும் முதலில் நேரடியாகத்தான் அனுப்பினேன். ஒரு மெயிலும் வெளியே போகவில்லை, எல்லாம் வரிசையிலேயே கிடந்தது. கிளவுட் நிறுவனங்கள் பலவும் மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்துத்தான் தருகின்றன. அது திறந்திருந்த வேறொரு சர்வருக்கு மாற்றினால், ரசீதுகள் நேராக ஸ்பாமுக்குப் போயின. நமக்கு வந்த ஐபியில் முன்பு குடியிருந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் அனுப்பும் வேலையை மட்டும் ரிலேயிடம், அதாவது நம் மெயிலை வாங்கி அனுப்பித் தரும் சேவையிடம், விட்டுவிடுங்கள். மெயில்கன், போஸ்ட்மார்க், பிரெவோ என்று நிறைய இருக்கின்றன. நான் வைத்திருப்பது அமேசான் எஸ்இஎஸ், மும்பை ரீஜன்; 1000 மெயிலுக்கு 10 சென்ட். மற்றவற்றிலும் படிகள் ஏறக்குறைய இதேதான்.

போஸ்ட்ஃபிக்ஸைத் தொடும் முன் டிஎன்எஸ்ஸை (டொமைனின் பெயர்ப் பதிவுகளை) முடியுங்கள். டொமைனைச் சேர்த்ததும் எஸ்இஎஸ் 3 சிநேம் ரெக்கார்டுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் வரிகள்) தரும், அவைதான் டிகேஐஎம் கையெழுத்துக்கு, அதாவது மெயில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் முத்திரைக்கு. சில டிஎன்எஸ் பேனல்கள் டொமைன் பெயரைத் தாமாகவே கடைசியில் ஒட்டிக்கொள்ளும், நீங்களும் முழுப் பெயரைப் போட்டால் டொமைன் இரண்டு தடவை வந்து நிற்கும், வெரிஃபிகேஷன் ஆகவே ஆகாது. அரை நாள் போச்சு எனக்கு.

எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். அது சரிபார்ப்பது 'ஃப்ரம்' வரியில் தெரியும் முகவரியை அல்ல, பவுன்ஸ் (போய்ச் சேராத மெயில்) திரும்பிப் போகும் முகவரியின் டொமைனை. எஸ்இஎஸ்ஸில் அது இயல்பாக அமேசானுடையது என்பதால், உங்கள் டொமைனில் அமேசானுக்காக ஒரு எஸ்பிஎஃப் வரி சேர்ப்பதால் பயனில்லை. உங்கள் பெயரிலேயே வேண்டுமென்றால் 'கஸ்டம் மெயில் ஃப்ரம்' என்று ஒரு சப்டொமைன் வையுங்கள், எம்எக்ஸ் (மெயிலை வாங்கும் சர்வரைச் சொல்லும் ரெக்கார்டு), எஸ்பிஎஃப் இரண்டும் அதற்குப் போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு மட்டும் வேண்டாம், இரண்டும் செல்லாமல் போகும். டிமார்க்கை (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ரெக்கார்டு) 'நன்', அதாவது எதுவும் செய்ய வேண்டாம் என்ற கொள்கையில் தொடங்கினால் போதும். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம்.

சரி, இப்போது போஸ்ட்ஃபிக்ஸ். ரிலேஹோஸ்ட் வரியில் எஸ்இஎஸ் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு (அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸ் தேடிப் போகும்) பக்கத்தில் 587 போர்ட்டைக் கொடுங்கள். சாஸ்ல் லாகினை (ரிலேயிடம் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழைவது) இயக்குங்கள், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நிலையை 'என்கிரிப்ட்' ஆக்குங்கள். பாஸ்வேர்டு ஃபைலுக்கு அனுமதி 600, அப்புறம் அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் ஓட்ட மறக்காதீர்கள். அங்கே போட வேண்டியது ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) ரகசியச் சாவி அல்ல. எஸ்இஎஸ் பக்கத்திலேயே எஸ்எம்டிபி-க்கென்று (மெயில் அனுப்பும் நெறிமுறை) தனியாகப் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும், அதுவும் ரீஜனுக்கு ரீஜன் வேறு. டெபியன், உபுண்டுவில் லாகின் முறை எதுவும் இல்லை என்று லாகில் வந்தால், சாஸ்ல் மாட்யூல்ஸ் பேக்கேஜ் நிறுவப்படவில்லை என்று அர்த்தம்.

புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைக் கட்டுப்பாட்டில், இருக்கும்: 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் நீங்கள் வெரிஃபை செய்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்கும்போது, முகவரிகள் எப்படிக் கிடைத்தன, பவுன்ஸ் ஆனால் என்ன செய்வீர்கள் என்பதை விவரமாக எழுதுங்கள். ஒற்றை வரி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பவுன்ஸ் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. பவுன்ஸ் விகிதம் 5% ஆனால் கணக்கை ஆய்வில் வைப்பார்கள், 10% தாண்டினால் அனுப்புவதையே நிறுத்தலாம். பெறுபவர் ஸ்பாம் என்று சொல்லும் புகாருக்கு அந்த எல்லைகள் 0.1%, 0.5%. கல்லாவில் அவசரத்தில் தப்பாக அடித்த முகவரிக்கு மாதாமாதம் ரசீது போய்க்கொண்டிருந்தால் இந்த எல்லையைத் தொடுவது கஷ்டமே இல்லை, ஆகவே பவுன்ஸ் அறிவிப்பை மென்பொருளுக்கே வரவழைத்து அந்த முகவரியை உடனே நிறுத்துங்கள்.

சோதிக்க உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும், டிகேஐஎம் பக்கத்தில் உங்கள் டொமைன் தெரிய வேண்டும். கடைசியாக ஒன்று: கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) ரூட் (சர்வரின் நிர்வாகக் கணக்கு) பெயரில் வெளியே அனுப்பும் மெயிலும் இனி இதே வழியில்தான் போகும், அந்த அனுப்புநர் வெரிஃபை ஆகாதவர் என்று எஸ்இஎஸ் 554 சொல்லித் தள்ளிவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் ஜெனரிக் மேப்பில் ரூட்டை உங்கள் டொமைன் முகவரியாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பேக்கப் தோற்ற செய்தி உங்களுக்கு வரவே வராது.