கடல் இரைச்சலில் கரைந்த கிட்டார்: ஜாங்கிள் பாப் பாடல்களைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானதும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, காந்தி சிலையைத் தாண்டி, கருங்கற்களைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, கடலூரிலிருந்து வந்திருந்த தம்பி முறையுள்ள நண்பர் ஒருவருக்கு நான் ஒரு பாடலைப் போட்டுக் காட்டினேன். டொரான்டோவைச் சேர்ந்த டக்ஸ் லிமிடெட் என்ற இருவர் குழு 2024-இல் வெளியிட்ட ‘ஹார்ம்ஸ் வே’ ஆல்பத்துப் பாடல் அது. வாரக்கணக்கில் நான் கேட்டு மகிழ்ந்த பாடல் என்பதால், கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே ஆவலோடு ஓடவிட்டேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டவர், “பாடுறவர் குரல் நல்லா இருக்குண்ணா, ஆனா மியூசிக்னு பெருசா ஒண்ணும் இல்லையே” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அலையும் காற்றும் எழுப்பும் இரைச்சல் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்பது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியோ தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடுவது. கீழே பேஸும் இல்லாமல், மேலே கிட்டாரின் மெல்லிய கிணுகிணுப்பும் அலைக்குள் மூழ்கிவிட்டால், நடுவில் மனிதக் குரல் மட்டுமே எஞ்சும். கிட்டாரின் கிணுகிணுப்பை முன்னிறுத்தும் ஜாங்கிள் பாப் என்ற வகைக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த ஒலி எதுவோ, அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அவர் கையில் நான் கொடுத்திருக்கிறேன். புதிதாகக் கண்டெடுத்த இண்டி, ஜாங்கிள் பாப் பாடல்களைப் பகிரும்போது நேரும் தவறுகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன்: எங்கே, எதில் கேட்கச் சொல்கிறோம் என்பதை எண்ணாமல் கொடுத்துவிடுவது. சாதாரண இயர்போன் போதும், விசிறியை அணைத்துவிட்ட அறை போதும், கடல் வேண்டாம்.

அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது தவறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பன்னிரண்டு தந்தி கிட்டாரில் தந்திகள் ஆறு இணைகளாக இருக்கும். மேல் சுருதியுள்ள இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுருதியில் சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற நான்கு இணைகளில் ஒரு தந்திக்குத் துணையாக அடுத்த ஸ்தாயியில் மெல்லிய தந்தி ஒன்று நிற்கும். ஒரு சுரத்தை மீட்டினால் இரண்டு ஒலிகள் எழுவதாலும், அவை ஒன்றோடொன்று இம்மியளவு பிசகி நிற்பதாலும், சலங்கையைக் குலுக்கியது போன்ற மினுமினுப்பு பிறக்கிறது. 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்தி மின் கிட்டாரை வாசித்ததைத் திரைப்படத்தில் பார்த்த ரோஜர் மெக்வின் தானும் ஒன்று வாங்கினார். அவருடைய பேர்ட்ஸ் குழு 1965-இல் பாப் டிலனின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலைத் தங்கள் பாணியில் பதிவுசெய்து வெளியிட்டபோது, இந்த ஒலி உலகம் முழுவதும் சென்றது. அந்தப் பாட்டின் வரியில் வரும் ‘ஜாங்கிள்’ என்ற சொல்லே பின்னாளில் வகையின் பெயருக்குள்ளும் நுழைந்தது. மெக்வினின் கிட்டார் ஒலியை, அதன் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் என்ற கருவி வழியாகச் செலுத்திப் பதிவுசெய்ததால் ஒவ்வொரு சுரமும் சட்டென்று அடங்கிவிடாமல் நீண்டு ஒலித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் எதைத் தேடிக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிடும்.

தமிழ்க் காதுக்கு இதை அறிமுகப்படுத்த ‘இளைய நிலா’ நல்ல வாசல். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் அந்தப் பாடலில், கிட்டார் ஒரு கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின், சுரங்களை மொத்தமாக வருடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுவதை நாம் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஜாங்கிள் பாப் கிட்டாரும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ‘இது இளையராஜா மாதிரியே இருக்கும், கேளுங்கள்’ என்று சொல்லிக் கொடுப்பதுதான் நான் சொன்ன இரண்டாவது தவறு. எந்த அம்சத்தில் ஒற்றுமை என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் துணைக்கு அழைத்தால், கேட்பவர் இசைக்கோவையின் விரிவையும் புல்லாங்குழலையும் எதிர்பார்த்து உட்கார்வார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் நாலு பேர் வாசிப்பு அவருக்கு ஏமாற்றமாகவே முடியும். ‘சுரங்களைப் பிரித்து மீட்டும் முறையை மட்டும் கவனியுங்கள்’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டால் இந்த விபத்து நேராது.

மினுமினுக்கும் கிட்டார் கேட்டாலே எல்லாவற்றையும் ஜாங்கிள் என்று முத்திரையிடும் பழக்கமும் எங்கள் நண்பர் வட்டத்தில் உண்டு. ஆர்.இ.எம். குழுவின் 1983-ஆம் ஆண்டு ‘மர்மர்’ ஆல்பத்தில் பீட்டர் பக் வாசிப்பது ஜாங்கிள்; ஸ்மித்ஸ் குழுவில் ஜானி மார் வாசித்த பலவும் ஜாங்கிள். நியூசிலாந்தின் டனீடின் நகரத்துக் குழுக்களையும் இந்த வரிசையிலேயே சேர்ப்பார்கள். ஆனால் அந்நகரின் க்ளீன் குழு 1981-இல் நூறு டாலருக்கும் குறைவான செலவில் பதிவுசெய்த ‘டாலி ஹோ’ பாட்டில் முதலில் காதைப் பிடிப்பது கிட்டார் அன்று, ஆர்கன். அதை ஜாங்கிள் பாட்டு என்று அனுப்பினால், பெற்றவர் கிட்டாரைத் தேடித் தேடிக் களைத்துப்போவார். வகையின் பெயரைவிட, ‘முதல் பத்து நொடியில் ஆர்கனைக் கேளுங்கள்’ என்ற குறிப்பே அங்கே பயன்படும்.

‘இண்டி’ என்ற சொல்லில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இன்றைக்குத் தமிழில் இண்டி பாட்டு என்றால் சினிமாவில் வராத பாட்டு என்றே பொருள். பிரிட்டனில் அந்தச் சொல் பெரிய நிறுவனங்களின் வலையமைப்புக்கு வெளியே இருந்த சிறு இசை நிறுவனங்களைக் குறிப்பதாகத் தொடங்கியது. அவற்றுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் 1980-இல் வந்தது. 1986-இல் என்.எம்.இ. இசை வார இதழ் ‘சி86’ என்ற பெயரில் 22 குழுக்களின் பாடல்களை ஒரே கேசட்டில் தொகுத்து வெளியிட்ட பிறகு, வணிக ஏற்பாட்டைக் குறித்த சொல் மெல்ல ஓர் ஒலியின் பெயராகவும் மாறிப்போனது. ஆகவே முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒருவருக்கு ‘நல்ல இண்டி பாட்டு’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவர் ராப்பையோ கானாவையோ எதிர்பார்த்துத் திறப்பதற்கு இடம் கொடுத்துவிடுகிறோம். சொல்லைத் துறக்கத் தேவையில்லை. எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதை உடன் சொன்னால் போதும்.

‘அண்மைக் கண்டுபிடிப்பு’ என்பதிலும் இதே மயக்கம் இருக்கிறது. நமக்குப் புதிது, வெளியானது புதிது என்பவை இரண்டும் வெவ்வேறு. பாடல் செயலிகள் பல நேரங்களில் மறுவெளியீட்டின் ஆண்டையே காட்டுகின்றன. டனீடினின் சில்ஸ் குழுவின் ‘கலைடாஸ்கோப் வேர்ல்ட்’ 1986-இல் தொகுக்கப்பட்டது; 2016-இல் அது மீண்டும் வெளிவந்தது. அதிலுள்ள ‘பிங்க் ஃப்ராஸ்ட்’ 1984-ஆம் ஆண்டுப் பாட்டு. பிந்தைய ஆண்டைப் பார்த்துவிட்டு, ‘பத்தாண்டுக்குள் வந்த அருமையான புதுக் குழு’ என்று ஒருவர் எழுத, அவர்கள் அடுத்து எங்கே வாசிக்கப்போகிறார்கள் என்று இன்னொருவர் கேட்க, அந்தக் குழுவின் உயிர்நாடியான மார்ட்டின் ஃபிலிப்ஸ் 2024 ஜூலையில் காலமான செய்தியை மூன்றாமவர் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி அப்படி வந்து சேர்ந்திருக்கக் கூடாது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அவர் இளமையில் எழுதிப் பதிவுசெய்யாமல் விட்டிருந்த பாடல்கள் ‘ஸ்பிரிங் போர்ட்’ என்ற ஆல்பமாக 2025-இல் வெளிவந்தன. எழுதிய காலம் ஒன்று, பாடிய காலம் ஒன்று, வெளிவந்த காலம் ஒன்று. இத்தகைய ஆல்பத்தைப் பகிரும்போது இந்தக் காலங்களையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். அதைப் படித்தவர் கேட்கும் விதமே மாறிவிடும்.

ஒலி பளிச்சென்று இருப்பதால் பாட்டும் மகிழ்ச்சியானது என்று எண்ணிவிடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன், நானே அதைச் செய்திருப்பதால். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் பிறந்தநாள் விருந்துக்குப் பாட்டு அடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். துள்ளலாக இருக்கிறதே என்று சில்ஸ் குழுவின் ‘ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்’ பாட்டை கேக் வெட்டும் நேரத்துக்குப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் அந்தப் பாட்டின் கதையைப் படித்தேன். அந்தக் குழுவின் டிரம்மர் மார்ட்டின் புல் 1983-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். தன் தோல் சட்டையை மார்ட்டின் ஃபிலிப்ஸுக்கு விட்டுச்சென்றார். அந்தச் சட்டையைப் பற்றிய பாட்டு அது. அன்றைக்குக் கை தட்டியவர்களில் ஒருவர், அதற்கு முந்தைய மாதம்தான் தம் அண்ணனைப் பறிகொடுத்தவர். அவருக்கு ஆங்கில வரிகள் பிடிபடவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. பின்னர் ஒருநாள் அவரைத் தனியே உட்காரவைத்து, கதையைச் சொல்லி, அதே பாட்டை மீண்டும் கேட்கக் கொடுத்தேன். முடிந்ததும், “அண்ணனோட ஹெல்மெட் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இந்த வகைப் பாடல்களின் இயல்பே அப்படித்தான்: வாசிப்பு வெயிலாகவும் சொல் நிழலாகவும் இருக்கும். ஆக்லாந்தின் பெத்ஸ் குழு 2022-இல் வெளியிட்ட ‘எக்ஸ்பர்ட் இன் எ டையிங் ஃபீல்டு’ பாட்டு, பிரிந்துபோன ஒருவரைப் பற்றி நாம் சேர்த்துவைத்த அறிவு முழுவதும் இனி எதற்கும் உதவாத பாண்டித்தியமாகிவிடுவதைப் பற்றியது. கேட்கவோ அத்தனை உற்சாகம். நம் ஊரில் பாட்டைச் சொல்லுக்காகவே கேட்பவர்கள் அதிகம். மொழி புரியாத பாட்டைக் கொடுக்கும்போது, பாட்டு எதைப் பற்றியது என்பதை இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுப்பது நம் கடமை. முழு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

பெயர்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிவிட்டு விடுவதும் தேடலைக் கெடுக்கும். டொரான்டோவின் ஆல்வேஸ் குழு தன் பெயரில் டபிள்யூ எழுத்துக்குப் பதில் இரண்டு வி எழுத்துகளை வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுடைய 2022-ஆம் ஆண்டு ‘புளூ ரெவ்’ கைக்குக் கிடைக்காது. நியூ ஜெர்சியின் ரியல் எஸ்டேட் குழுவைப் புதுச்சேரியிலிருந்து தேடினால் முதலில் வருவது மனை விற்பனை விளம்பரம். குழுவின் பெயர், ஊர், ஆல்பம், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதுவதற்கு அரை நிமிடம் பிடிக்கும்.

நாற்பது பாட்டுப் பட்டியலை யாரும் கேட்பதில்லை. ஒன்று போதும், மிஞ்சினால் மூன்று.

பாட்டைக் கோப்பாக இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்த வேண்டும். கை மாறக் கை மாற, யாரோ எப்போதோ சுருக்கிய மட்டமான பிரதிதான் வந்து சேர்கிறது. சுருக்கும்போது முதலில் பலியாவது உயர்ந்த அதிர்வெண்கள், அதாவது மறுபடியும் அந்தச் சலங்கை ஒலிதான். அதைவிட முக்கியம், இந்தக் குழுக்களில் பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு வாசிப்பவர்கள். சான் பிரான்சிஸ்கோவின் அம்ப்ரெல்லாஸ், சைம் ஸ்கூல் போன்ற குழுக்களின் பாடல்களை 1989 முதல் இயங்கிவரும் ஸ்லம்பர்லேண்ட் என்ற சிறிய நிறுவனம் வெளியிடுகிறது. இசைக் குழுக்கள் தம் பாடல்களை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பெரும்பாலும் பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு வழக்கமாக 15 சதவீதம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவைத்திருந்தால் இங்கிருந்தே வாங்க முடியும். இணைப்பை அனுப்புங்கள், கோப்பை அல்ல.

அனுப்பிய அன்றிரவே ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. பதில் சொல்லிவிட்டவர் அதன் பிறகு அந்தப் பாட்டைத் திறப்பதும் இல்லை. கடற்கரைச் சாலையில் பாட்டுக் கேட்ட கடலூர் நண்பருக்கு, சில மாதம் கழித்து, மெல்போர்னின் ரோலிங் பிளாக்அவுட்ஸ் கோஸ்டல் ஃபீவர் குழுவின் 2018-ஆம் ஆண்டு ‘ஹோப் டவுன்ஸ்’ ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டின் இணைப்பை அனுப்பினேன். ‘மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றின் பெயரை வைத்த ஆல்பம்; மூன்று கிட்டார்கள்; இயர்போனில் கேட்கவும்’ என்று மட்டும் எழுதினேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. புதுச்சேரிக்கு வரும் பேருந்திலிருந்து, கன்னியக்கோவில் தாண்டியதும் அழைத்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அண்ணா, அந்த மூணுல ஒண்ணு கரண்டு இல்லாத கிட்டாரா? கீழே விடாம ஓடிக்கிட்டே இருக்கே, அது?”

ஆம் என்றேன்.

“அதை வாசிக்கிறவர் பேர் என்ன?”

ஃபிரான் கீனி என்று சொல்லி, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“இருங்க, திரும்ப முதல்லேருந்து கேக்குறேன்” என்று வைத்துவிட்டார்.